உள்ளங்காலைப் பார்க்க ஓர் ஆள்

"…கால காட்டுங்கன்னுதானே கேட்டேன், பொண்ணா கேட்டேன்? இவ்ளோ யோசிக்கிறீங்க."

கேட்டவர் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்க்கும் அம்மா. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் சந்துக்குள் நுழைகிறவர் யாராக இருந்தாலும் அவர் வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது அவரிடம் ஒரு சொல் வாங்காமல் போக முடியாது. அன்று மாலை தேய்த்து வைத்திருந்த யூனிஃபார்ம் சட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன். நாலடி போயிருப்பேன்.

"அண்ணா, நில்லுங்க. இன்னா அது ஈரம்?"

திரும்பிப் பார்த்தேன். சிமெண்ட் ரோட்டில் என் வலது செருப்பு பட்ட இடமெல்லாம் ஈரமாக ஒரு தடம். இடது பக்கம் ஒன்றுமில்லை.

"தண்ணியில மிதிச்சிருப்பேன்மா."

"ஒத்தக் கால்லயா? நீங்க இன்னா கொக்கா?"

அதற்குப் பிறகுதான் காலைக் காட்டச் சொன்னார். நான் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன். காட்டவில்லை. ஒரு காலைத் தூக்கி இன்னொருவரிடம் காட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அதில் சில வருஷங்கள் இருந்தன.

அடுகோடிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் செக்யூரிட்டி. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. மிச்சப் படிப்பைப் பொட்டலம் கட்டிவந்த காகிதத்திலும் ஜனங்கள் வாயிலும் படித்தேன். யாராவது நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் அதைக் கடலை மிட்டாய் மாதிரி கன்னத்தில் அடக்கிக்கொண்டு நாளெல்லாம் திரிவேன். வாசல் வேலை என்றால் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது என்று நம்பித்தான் இதில் சேர்ந்தேன். முதலில் அப்படித்தான் இருந்தது. வருகிறவரை நிறுத்தி, எந்த வீடு, எந்த ஊர், அந்தப் பக்கம் மழை உண்டா என்று நாலு வார்த்தை கேட்டு உள்ளே விடுவேன். பிறகு ஓர் ஆப் வந்தது. வீட்டுக்காரர் மேலே உட்கார்ந்தபடியே போனில் ஒரு பட்டனை அழுத்திவிடுவார். பார்சல் கொண்டுவந்த பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் லிஃப்டுக்குப் போய்விடுவான். குழந்தைகளுக்கு நான் அங்கிள், பெரியவர்களுக்கு இந்தியில் பையா, மேனேஜருக்கு செக்யூரிட்டி. என் பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது.

சர்க்கரை வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர் ஒருவர் சொல்வார்: "சக்கரையும் டிராஃபிக்கும் இல்லாத மனுஷன் பெங்களூர்ல இருந்தா காட்டு, கால்ல உழறேன்." மாத்திரை போட்டுக்கொண்டேன், பீடியும் பிடித்துக்கொண்டேன். ரெண்டும் ஒரே சட்டைப் பையில் இருந்தன, சண்டையில்லாமல்.

என் மனைவி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து வந்ததும் என்னை நாற்காலியில் உட்காரவைப்பாள். ஒரு பழைய பேப்பரை விரித்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டுவாள். பிறகு குதிகாலை ஒரு கல்லால் தேய்ப்பாள். "இது காலா, கப்பன் பார்க் மரத்துப் பட்டையா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். ஒவ்வொரு வாரமும் நான் சிரிப்பேன். அவள் போன பிறகு என் உள்ளங்காலை யாரும் பார்த்ததில்லை. நானும்தான்.

அவள் இருக்கும்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது. மிளகாய் அரைத்த அம்மியை அப்படியே பாதத்தில் ஒற்றி எடுத்தது போல இருக்கும். சில சமயம் ஊசி ஊசியாகக் குத்தும். படுத்தால் போர்வை நுனி பட்டாலும் பொறுக்காது. அவள் ஈரத் துண்டைச் சுற்றிவிடுவாள். அவள் போன பிறகு நானே சுற்றிக்கொண்டேன். பிழிந்து சுற்ற வேண்டும் என்றுகூடத் தெரியாமல் பாய் முழுக்க நனைத்தேன். மகன் புனேயில் வேலையாக இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வருவான். "சுகர் எப்டிப்பா இருக்கு?" "நார்மல்ப்பா." வீடியோவில் முகம் மட்டும்தான் தெரியும். முகத்தை வைத்து எதையும் சமாளித்துவிடலாம். உண்மையைச் சொன்னால், அந்த அறையில் எனக்கென்று இருந்த துணை அந்த எரிச்சல்தான். கூப்பிட ஆளில்லாத வீட்டில் அது ஒன்றாவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் ஒரு நாள் கவனித்தேன், எரிச்சல் இல்லை. ஒரே நாளில் போய்விடவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி சொல்லாமல் ஒவ்வொரு பையாக எடுத்துவைத்து ஒரு நாள் கிளம்பிவிடுவது போல, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றுவிட்டது. நான் குணமாகிவிட்டேன் என்று நம்பினேன்.

எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. வலித்தால் வியாதி, வலி போனால் குணம். அதற்கு மேல் எந்தக் கோர்ட்டும் கிடையாது. நான் காலையில் குடித்துக்கொண்டிருந்த வெந்தயத் தண்ணீருக்கும், பார்க் வாசலில் ஒருவர் விற்கிற பாகற்காய் ஜூஸுக்கும் பெருமையைப் பங்கு போட்டுக் கொடுத்தேன். என்னோடு வேலை செய்யும் இன்னொரு செக்யூரிட்டியைப் பிடித்து அந்த ஜூஸைக் குடிக்கவைத்தேன். பாவம், குடித்துவிட்டு அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை. மாத்திரைகளில் ஒன்றை நானாகவே நிறுத்தினேன். கரை ஏறியவனுக்குப் பரிசல் எதற்கு? அந்தச் சந்தோஷத்தில் கடையில் ஒப்பட்டு என்கிற பருப்புப் போளி வாங்கி, நெய் ஒழுக ஒழுகத் தின்றேன். சட்டை வாங்கப் போனபோது தேய்க்கிற அம்மாவிடமும் சொன்னேன்.

"கால் எரிச்சல் சுத்தமா போச்சும்மா."

"அப்டியா? எனக்கு ஒப்பட்டு எங்க?"

"தின்னுட்டேன்."

"அதான பாத்தேன். வியாதின்னா ஊருக்கே சொல்லுவீங்க, ஒப்பட்டுன்னா ஒத்தையில."

ஒத்தையில் என்பது சரியான வார்த்தை. நல்ல செய்தியைச் சொல்ல அன்றைக்கு எனக்கு அவரை விட்டால் ஆளில்லை.

மழை நின்ற ஒரு மாலை, பஸ்ஸிலிருந்து இறங்கிச் சிக்னல் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு காலேஜ் பெண் ஓடிவந்தாள். கையில் ஒரு செருப்பு.

"அங்கிள், இது உங்களுதா?"

என்னுடையதுதான். குனிந்து பார்த்தால் வலது கால் வெறுங்காலாக இருக்கிறது. சேறு கணுக்கால் வரை. செருப்பு எங்கே கழன்றது, எவ்வளவு தூரம் அப்படியே நடந்தேன், எதுவும் எனக்குத் தெரியாது. அந்தப் பெண் செருப்பைக் கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று என்னைப் பார்த்தாள். குடித்தவனைப் பார்க்கிற பார்வை. குடித்திருந்தால்கூட ஒரு காரணம் இருந்திருக்கும். "தேங்க்ஸ்ம்மா" என்றேன். அவள் அதற்குள் திரும்பி நடந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு நர்ஸ், கன்னடத்துப் பெண். எனக்குக் கன்னடம் வரும் என்றாலும் அவர் தமிழிலேயே பேசினார். கையில் மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பைப் போல ஒரு சின்ன இழை வைத்திருந்தார்.

"கண்ண மூடிக்கோங்க அங்கிள். பாதத்துல இது பட்டா 'ஹா'ன்னு சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். பாஸாக வேண்டும் என்ற எண்ணம் எட்டாவது வகுப்போடு என்னை விட்டுப் போகவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் பொறுத்து "ஹா" என்றேன். இன்னும் கொஞ்சம் பொறுத்து "ஹா". நன்றாகப் போகிறது என்று நினைத்து இன்னொரு "ஹா".

"அங்கிள்," என்றார் அந்தப் பெண், ரொம்ப மெதுவாக. "நான் இன்னும் தொடவே இல்ல."

கண்ணைத் திறந்தேன். இழை அவர் கையில் அப்படியே இருந்தது. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நானும் கூடச் சிரித்திருப்பேன். பிறகு ஓர் இரும்புக் கவையைத் தட்டி, அது ரீங்காரமிட்டுக்கொண்டிருக்கும்போதே கட்டைவிரல் எலும்பில் வைத்தார். காதில் சத்தம் கேட்டது. காலில் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவது போல இருந்தது.

டாக்டர் சின்ன வயதுக்காரர். எத்தனை வருஷமாகச் சர்க்கரை, பீடி உண்டா, பிபி உண்டா, ஒழுங்காக மாத்திரை போடுகிறீர்களா என்று ஒன்றொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலைகுனியும்படியான பதில்தான் என்னிடம் இருந்தது. வருஷக்கணக்கில் மாத்திரை போடுகிற சிலருக்கு ஒரு வைட்டமின் குறைந்துபோகும், அதுவும் நரம்பைக் கெடுக்கும், அதையும் ரத்தத்தில் பார்க்க வேண்டும் என்றார். கடைசியில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி மேலும் கீழும் பார்த்தார்.

"இதோட உயரம் வேற."

"உயரமும் தப்பா சார்?" அந்த உயரத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள்.

"தப்பில்ல. ஆளு உயரம்னா கால் வரைக்கும் போற நரம்பும் நீளம். நீளமா இருக்கறதுதான் மொதல்ல அடி வாங்கும்."

இதை எனக்கு விளக்கிச் சொல்லவே வேண்டாம். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் குறையும்போது முதலில் நின்றுபோவது கடைசி வீட்டுக்குத்தான். நான் கடைசி வீட்டுக்காரன்.

எரிச்சல் நின்றதைச் சொன்னேன். அது அவருக்குச் சந்தோஷம் தரும் என்ற நப்பாசை எனக்கு இன்னும் இருந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது சரியாகல. சொல்றத நிறுத்திடுச்சு, அவ்ளோதான். இத்தன நாள் கத்திச்சு, நீங்க கேக்கல. போன நரம்பு திரும்ப வரும்னு நா சொல்ல மாட்டேன். ஆனா கால காப்பாத்தலாம். இனிமே கல்லு குத்தினாலும் நெருப்பு சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது. கண்ணாலதான் தெரிஞ்சுக்கணும். தெனமும் சாயங்காலம் வீட்ல யாராவது உள்ளங்கால பாக்கணும். வீட்ல யார் இருக்காங்க?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா என்பது அவருக்கு விளங்கியிருக்காது. நம் ஊர்த் தலையாட்டலில் அது ஒரு வசதி. அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். அந்தப் பழமொழியைச் சொன்னவர் உள்ளங்காலை விட்டுவிட்டார். திரும்பும் வழியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கினேன். தரையில் வைத்து, அதன் மேல் காலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். முட்டி மடங்கவில்லை. சர்க்கரை கண்ணையும் கொஞ்சம் தின்றிருந்தது. கண்ணாடிக்குள் பழுப்பாக ஏதோ ஒன்று தெரிந்தது. அது என் கால்தான் என்று ஊகித்துக்கொள்ள வேண்டியிருந்தது. புண்ணா, அழுக்கா, கண்ணாடியின் கறையா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. சில வாரம் முயன்றேன். பிறகு கண்ணாடியைச் சுவரில் மாட்டி முகம் மழிக்க வைத்துக்கொண்டேன்.

யாரையாவது கேட்டிருக்கலாம். யாரை? பஸ்ஸில் தெரியாமல் கால் பட்டுவிட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனம் நாம். ஒருவர் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தாலே வளர்ப்பு சரியில்லை என்பார்கள். வீட்டுச் சொந்தக்காரர் கதவைத் தட்டி, "கொஞ்சம் என் உள்ளங்காலைப் பாருங்க" என்று கேட்பதா? கூட வேலை செய்கிறவரிடம் செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவதா? தலைவலி என்றால் யாரிடமும் சொல்லலாம். காசு வேண்டுமென்றால்கூட வெட்கத்தை விட்டுக் கேட்டுவிடலாம். தினமும் சாயங்காலம் என் காலைப் பார் என்று கேட்பதற்கு உறவில் ஒரு பெயர் இருக்க வேண்டும். பெங்களூரில் இத்தனை லட்சம் பேர் இருந்தும், எனக்கு அந்தப் பெயரில் யாருமில்லை.

இன்னொன்றும் இருந்தது. முன்பு பின்பக்க கேட்டில் இருந்த ஒருவருக்கு இப்படித்தான் காலில் ஒரு கொப்புளம் வந்தது. ஒரு விரல், அப்புறம் பாதம், அப்புறம் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. பட்ட காலிலே படும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். ஏஜென்சிக்காரர்கள் அவருக்கு ஒரு மாலை போட்டு அனுப்பிவைத்தார்கள். பார்க்காதவரை எனக்குக் கால் நன்றாக இருக்கிறது. யாராவது பார்த்துவிட்டால் அது எப்படி இருக்கிறதோ அப்படித்தான் இருக்கும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அன்றைக்குத் தேய்ப்பு வண்டிக்கு முன்னால் சட்டையோடு நின்றேன்.

"வேணாம்மா. நானே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிறேன்."

"எப்ப?"

"திங்கக்கிழமை."

"இன்னிக்கு இன்னா கிழமை?"

"செவ்வா."

"நல்லா இருக்கு. திங்க வரைக்கும் கால்கிட்ட சொல்லி வெச்சிருக்கீங்களா?"

அவர் தேய்ப்புப் பெட்டியை அதன் கல்லின் மேல் வைத்தார்.

"அண்ணா, ஊரு துணியில இருக்கற கறை எல்லாம் பாத்தவ நானு. யாரு வீட்டுது, எதனால வந்துதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. உங்க கால பாத்துட்டு மைக் செட்டு வெச்சா சொல்லப் போறேன்?"

"அதுக்கில்லம்மா. கால எப்டி…"

"பயமா இருக்குதா?"

என் மனைவி போன பிறகு யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்பார்கள், சுகர் எப்படி என்று கேட்பார்கள். "ஆமாம்மா" என்றேன். அது வாயிலிருந்து வந்த விதம் எனக்கே புதிதாக இருந்தது.

அவர் தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு, அது இருந்த பிளாஸ்டிக் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்கார்ந்தேன். செருப்பைக் கழற்றப் பார்த்தேன், ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவரே குந்தி உட்கார்ந்து, செருப்பைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து எடுத்தார். கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் மாட்டினார். போனில் டார்ச் போட்டு வாயில் கவ்விக்கொண்டார். இரண்டு கையாலும் என் பாதத்தைத் தூக்கினார். ரோட்டில் போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது.

அவர் கை என் பாதத்தைப் பிடித்திருப்பதைக் கண்ணால்தான் பார்த்தேன். விரலால் அழுத்துகிறார், துடைக்கிறார், ஒன்றும் தெரியவில்லை. கணுக்காலுக்கு மேலே, அவருடைய கட்டைவிரல் பட்டிருந்த ஒரே இடத்தில் மட்டும் சூடு தெரிந்தது. நாளெல்லாம் தேய்ப்புப் பெட்டி பிடித்த கையின் சூடு. அதற்குக் கீழே நான் இல்லை.

அந்த ஈரம் புண்ணின் நீர். புண்ணுக்குக் காரணம், அட்டைப் பெட்டிகளில் அடிக்கிற செம்பு நிறப் பின். எங்கள் கேட்டில் பார்சல் பெட்டிகளைப் பிரித்து அடுக்கும்போது தினமும் கீழே சிந்தும். செருப்பைத் துளைத்துச் சுண்டுவிரலுக்கு அடியில் ஏறி, எத்தனை நாளாக என்னோடு வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்ததோ தெரியாது. பிறகு ஆஸ்பத்திரியில் அதை எடுத்தார்கள், சுண்டுவிரலையும் எடுக்க வேண்டியிருந்தது. கால் தப்பியது. அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் டார்ச் வெளிச்சத்தில் மாறிக்கொண்டே வந்த அவர் முகம்தான்.

"இன்னாம்மா இருக்கு?" என்றேன்.

வாய் ஓயாத அந்த அம்மா போனை வாயிலிருந்து எடுத்து அணைத்தார். எழுந்து, யாரோ ஒரு வீட்டுக்காரருக்காகத் தேய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளைத் தலையணை உறையை அடுக்கிலிருந்து உருவி உதறினார். அதை என் காலில் சுற்றி முடிச்சுப் போட்டார். தேய்ப்புப் பெட்டிக் கரியின் மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். புகை அடங்குவதற்குள், பாதி தேய்த்த துணி பலகையில் கிடக்க, நடுரோட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்த ஓர் ஆட்டோவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.